நெட்டையன் வேண்டாம்

"உன்னோட மாற்று கோலியைக் குடு, என் நெட்டையனை எடுத்துக்கோ," என்றார் ஸ்பானர், அவள் மேசை ஓரத்தில் பாதி உட்கார்ந்தபடி.

'சட்டம்' என்று அந்த அறையில் எல்லாரும் கூப்பிடுகிற அவள், கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். நெட்டையன் அந்தக் கால்பந்துப் பருவத்தில் வாரம் தவறாமல் கோல் போட்டுக்கொண்டிருந்தவன். அவளுடைய மாற்று கோலியோ அவளுடைய முதல் கோல்கீப்பரின் அணியிலேயே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்காகவே பிறவி எடுத்தவன். பருவம் பாதி முடிந்தும் பந்து அவன் கையைத் தொட்டதில்லை.

"எதுக்கு?" என்றாள்.

"சும்மாதான்."

"சும்மா யாரும் யாருக்கும் எதையும் குடுக்கறதில்ல சார்."

"எனக்கு ஒரு கோலி தேவைப்படுதும்மா."

"உங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு கோலி இருக்காங்க."

"மூணாவதா ஒருத்தன் இருக்கட்டுமேன்னு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அவள் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாள். அந்த நெட்டையனுக்குக் கால் பிசகியிருக்கும், இல்லை அடுத்த ஆட்டத்தில் தடை வந்திருக்கும், அது இன்னும் வெளியே தெரிந்திருக்காது. "நெட்டையன் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் நெட்டையன் மூன்று கோல் போட்டான்.

அது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறை. நகரத்தின் எந்த மூலையில் லிஃப்ட் நின்றாலும் உள்ளே மாட்டியவர் பேசும் பொத்தானை அமுக்குவார். இங்கே சுவர் ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். பேச்சுக் கொடுத்து அவரைத் தைரியமாக வைத்திருப்பது சட்டத்தின் வேலை. போய் இறக்கிவிடுவது ஸ்பானரின் வேலை. இந்தத் தொழிலுக்கு ஒரு முதல் விதி உண்டு. உள்ளே இருப்பவர் பொத்தானை விடும்வரை வெளியே இருப்பவர் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இருட்டுப் பெட்டிக்குள் நிற்கிறவனுக்கு அந்தக் கொரகொரப்புதான் துணை. கணக்கர் ஒருமுறை மத்தியானத் தூக்கத்தில் ஒரு கிழவரின் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்காகச் சட்டம் அவரை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, அந்த அறையில் எல்லாருக்கும் துண்டிக்கும் விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

அவளுக்குச் 'சட்டம்' என்று பெயர் வந்ததற்கு மாலைக் கல்லூரியில் சட்டம் படிப்பது பாதிக் காரணம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் நல்ல மனதோடு, "பொம்பளைப் பிள்ளை, உனக்கு ராத்திரி டூட்டி வேண்டாம்மா," என்றார். "எந்தச் சட்டத்துல அப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள். கேட்டதோடு விடவில்லை. எனக்கு யார் தயவும் வேண்டாம், சலுகையும் வேண்டாம், நியாயம் இருந்தால் போதும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினாள். சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டுமென்றால் அந்த அறையில் எல்லாருக்கும் நடுங்கும்.

கோபப்பட அவளுக்குக் காரணமும் இருந்தது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். விளம்பரம் பார்த்து, விண்ணப்பம் போட்டு, தேர்வு எழுதி, நேர்முகத்தில் வியர்த்து வந்தவள். இங்கே வந்து பார்த்தால் அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் ஒரே மரத்துக் கிளைகள். மாப்பிள்ளை என்று எல்லாரும் கூப்பிடுகிறவர் சூப்பர்வைசரின் மகளைக் கட்டியவர். ஸ்டோர் அக்கா சூப்பர்வைசரின் மனைவிக்குத் தங்கை. ஸ்பானர் சூப்பர்வைசருக்கு ஒன்றுவிட்ட தம்பி. கணக்கர் ஸ்பானரின் தங்கையைக் கட்டியவர். ஒரு சாவுக்கு விடுப்பு எழுதினால் ஐந்து பேரும் ஒரே சாவுக்கு எழுதுவார்கள். அதனால்தான் அவள் யாரையும் அண்ணன் என்றோ அக்கா என்றோ கூப்பிடுவதில்லை. எல்லாரும் சார், எல்லாரும் மேடம்.

கால்பந்து ஆட்டம் அவள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தது. ஆறு பேருக்கும் ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ லீக்கில் ஆடுகிற வீரர்களிலிருந்து ஆளுக்குப் பதினைந்து பேரைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். வாரா வாரம் அதில் பதினொருவரைக் களத்தில் இறக்க வேண்டும். நிஜத்தில் அவர்கள் கோல் போட்டால் இங்கே புள்ளி ஏறும், கோல் வாங்கினால் இறங்கும். இறக்கியவன் காயப்பட்டு வெளியேறினால், அவனுக்குப் பதில் வருகிற மாற்று ஆளின் கணக்கும் சேரும். வீரர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம்; அதற்கு டிரேடு என்று பெயர். இதுவரை விளையாட்டு. பிறகு வருவதுதான் வினை. வருடக் கடைசி வாரம் அலுவலகத்தை மூடுவார்கள். ஆனால் லிஃப்டுகள் விடுமுறை பார்த்து நிற்பதில்லை. ஒருவர் தனியாக ஒலிபெருக்கிக்கு முன்னால் அந்த வாரம் முழுக்க உட்கார வேண்டும். ஆட்டத்தில் கடைசியாக வருகிறவர்தான் அந்த ஆள். முதலில் வருகிறவரோ அடுத்த அரை வருடத்துக்கு எல்லாருக்கும் டூட்டி போடுவார்.

சட்டம் அப்போது கடைசியில் இருந்தாள். அவளுடைய இறுதித் தேர்வின் கடைசித் தாள் அந்த மூடும் வாரத்தில் வந்து விழுந்திருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவைத் தவிர. அம்மாவிடம் பேசத் தோதான இடம் ஒன்று இருந்தது. கீழ்த்தளத்தில் புதிதாகச் சேரும் மெக்கானிக்குகள் பழகுவதற்கென்று ஒரு லிஃப்ட். இரண்டு மாடிகளுக்கு மேல் அது போகாது, அதில் யாரும் ஏறுவதுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பொத்தான் பலகை முதுகில் உறுத்த அதில் சாய்ந்து நின்றால், உலகத்தில் அவளும் அம்மாவும்தான்.

"வாயைத் திறந்து கேட்டா குடுப்பாங்கடி," என்பாள் அம்மா. பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் பேச்சுக்காக அதை நிறுத்துகிற ஆள் இல்லை. "பரிட்சைன்னு சொல்லு. அவங்களும் பிள்ளை பெத்தவங்கதானே."

"இந்த மாமன் மச்சான் கூட்டத்துகிட்ட நான் போய்க் கேக்கறதா? நாளைக்கு அதையே சொல்லிக் காட்டுவாங்கம்மா. இவங்க பாதிப் பேருக்கு இந்த வேலை எப்படி வந்துச்சுன்னு நெனைக்கற?"

"அவங்க வேலை எப்படி வந்தா உனக்கென்ன. உன் பரிட்சையைப் பாரு."

"நாலு வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சிருக்கேன். இந்த ஒரு பேப்பரோட முடியுது. அதுக்காக இவங்க கால்ல விழ மாட்டேன். ஆட்டத்துல நியாயமா மேல வருவேன். வரலைன்னா நியாயமா உக்காந்துக்குவேன்."

"உன் வீம்பை நீ படிச்ச காலேஜுல கத்துக்கல. அது உங்கப்பன் சொத்து," என்று அம்மா இணைப்பைத் துண்டித்துவிடுவாள். சட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வருவாள்.

வரும்போதெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் ஒரு விசித்திரமான அமைதி இருக்கும். ஐந்து பேரும் ஐந்து பக்கம் தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள். கணக்கர் கணினியை அணைத்து வைத்துவிட்டு அதில் எதையோ தட்டிக்கொண்டிருப்பார். ஸ்டோர் அக்கா மூக்கைச் சிந்துவார். எதையோ பேசிக்கொண்டிருந்து அவள் வந்ததும் நிறுத்திவிட்டார்கள் என்பது யாருக்கும் தெரியும். எதைப் பற்றி என்பதும் அடுத்த நாளே தெரிந்துவிட்டது.

நெட்டையனை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார் ஸ்பானர். பதிலுக்கு வாங்கியது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலில் நடக்கும் ஒரு தடுப்பாட்டக்காரனை.

"இது என்ன டிரேடு?" சட்டம் எழுந்து நின்றுவிட்டாள். "வாரம் மூணு கோல் போடறவனைக் குடுத்துட்டு நடக்க முடியாதவனை வாங்கியிருக்கீங்க."

"பாவம்மா அவன். யாராச்சும் ஒருத்தர் வச்சுக்கணுமில்ல," என்றார் ஸ்பானர்.

"ஆஸ்பத்திரியா நடத்தறீங்க?"

மாப்பிள்ளை நகத்தைக் கடித்தார். அவர் ஏற்கெனவே முதலிடத்தில் இருந்தவர். அன்று மத்தியானமே ஸ்டோர் அக்கா தன் குடுமிக்காரனை அவருக்குக் கொடுத்தார். சாயங்காலம் கணக்கர் தன் அணித் தலைவனையே தூக்கிக் கொடுத்தார். எல்லா ஆறும் ஒரே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்துக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை ஜெயிப்பார். மாப்பிள்ளை டூட்டி போடுவார். இன்றைக்கு வீரனைக் கொடுத்தவனுக்கு நாளைக்கு நல்ல டூட்டி. சம்பந்தம் பேசுகிற மாதிரிப் பேசி முடித்துவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால் இது கூட்டுச் சதி. இரண்டாம் வருடப் பாடத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது.

நேராகச் சூப்பர்வைசரின் மேசைக்குப் போனாள். "சார், இந்த ஆட்டத்துக்கு ஒரு நடுவர் வேணும். டிரேடு நியாயமா இல்லையான்னு பாக்க."

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். "இது வெளையாட்டுதானேம்மா."

"வெளையாட்டுல நியாயம் இல்லாதவங்க வேலையில எப்படி இருப்பாங்க?"

அவர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஸ்பானர் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆனால் அவள் நின்ற தோரணையைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொல்ல முடியும்.

"அப்ப நீயே இரு," என்றார்.

நடுவர் ஆனதும் அவள் செய்த முதல் வேலை மூன்று டிரேடுகளையும் ரத்து செய்தது. இனி டிரேடு செய்கிறவர்கள் ஏன் செய்கிறோம் என்று அவள் முன்னால் வந்து காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியாக இருந்தால்தான் அனுமதி. இதை ஒரு தாளில் எழுதி, தேநீர் இயந்திரத்துக்கு மேலே, 'கோப்பையைக் கழுவி வைக்கவும்' என்ற அறிவிப்பை மறைத்து ஒட்டினாள்.

முதலில் வந்தவர் ஸ்டோர் அக்கா. "எனக்கு அந்தக் குடுமிக்காரன் வேண்டாம்."

"ஏன் மேடம்?"

"கோல் போட்டா சட்டையைக் கழட்டிட்டு ஓடறான். வீட்டுல வயசுக்கு வந்த பிள்ளைங்களோட உக்காந்து எப்படிப் பாக்கறது?"

"அது காரணம் இல்ல."

"அவன் மூஞ்சியைப் பாத்தா எங்க பழைய வீட்டுக்காரன் மாதிரியே இருக்கு. காலையில எழுந்து யோசிச்சாலே வயித்தெரிச்சல்."

"நிராகரிக்கப்பட்டது."

அடுத்து கணக்கர். தன் தலைவன் புதிதாகக் கல்யாணம் ஆனவன், இனி ஆட்டத்தில் கவனம் இருக்காது என்றார். மாப்பிள்ளைக்கும் புதிதாகத்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது, அவர் என்ன வேலைக்கு வராமலா இருக்கிறார் என்று கேட்டாள். சூப்பர்வைசர் மேசைப் பக்கமிருந்து ஒரு இருமல் வந்தது. நிராகரிக்கப்பட்டது.

இப்படியே விட்டால் தினமும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நோய்க்கு மருந்து கொடுத்தால் போதாது, வேரையே பிடுங்க வேண்டும். மறுநாள் காலை தாளில் இரண்டாவது விதி ஏறியது. உறவினர்கள் ஒருவருக்கொருவர் டிரேடு செய்யக் கூடாது.

ஐந்து பேரும் தேநீர்க் கோப்பையோடு நின்று அதைப் படித்தார்கள்.

"நானும் அவரும்?" என்றார் ஸ்பானர், கணக்கரைக் காட்டி.

"மச்சான். கூடாது."

"நானும் அக்காவும்?"

"உங்க அண்ணிக்குத் தங்கச்சி. கூடாது."

"எனக்கும் கணக்கருக்கும் ஒண்ணும் இல்லையே," என்றார் மாப்பிள்ளை, ஆசையோடு.

"உங்க மாமனாரோட தம்பிக்கு அவர் மச்சான். கூடாது."

கணக்கர் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். "அப்ப இந்த ரூம்ல யாரும் யாரோடயும் பண்ண முடியாது."

"அது என் தப்பில்ல சார்."

"இல்ல, இல்ல," என்றார் ஸ்பானர் மெதுவாக. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஒருத்தரோட பண்ணலாம். இந்த ரூம்ல யாருக்கும் சொந்தமில்லாத ஆள் ஒண்ணு இருக்கு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் அவள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. ஸ்பானர் மறுபடியும் நெட்டையனோடு வந்தார். மாற்று கோலியைக்கூடத் தர வேண்டாம், சும்மா ஒரு வீரனின் பெயரைச் சொன்னால் போதும் என்றார். ஸ்டோர் அக்கா குடுமிக்காரனோடு இன்னொருவனைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். கணக்கர் தன் தலைவனை வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். சூப்பர்வைசரே ஒருமுறை அந்தப் பக்கமாக நடந்து வந்து, "எங்கிட்ட ஒரு நல்ல தடுப்புக்காரன் இருக்கான்மா, சும்மா கிடக்கறான்," என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சட்டத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நடுவருக்கே லஞ்சம். அதுவும் பகல் வெளிச்சத்தில், வரிசையில் நின்று. இன்றைக்கு இந்த நெட்டையனை வாங்கிக்கொண்டால் நாளைக்கு இவர்கள் மாப்பிள்ளைக்குக் கடத்துகிற எதையும் அவள் தடுக்க முடியாது. வாயில் போட்டுவிட்டால் பேசுவது எப்படி?

மூன்றாவது விதி: நடுவர் யாருடனும் டிரேடு செய்யக் கூடாது.

எழுதும்போது அவளுக்குக் கை கொஞ்சம் தயங்கியது உண்மை. கடைசி இடத்திலிருந்து மேலே வர அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான். ஆனால் தன் விஷயத்தில் வளைகிற விதி விதியா? ஒட்டிவிட்டாள்.

"நல்லா யோசிச்சுத்தான் எழுதினியாம்மா?" என்று கேட்டார் ஸ்பானர்.

"வேலியே பயிரை மேயக் கூடாது சார்."

"மேயாட்டிப் பரவாயில்ல. பயிர்மேல படுத்துக்காம இருந்தா சரி," என்று முணுமுணுத்துக்கொண்டே கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அடுத்த வாரம் புள்ளிகளைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஸ்பானர் நெட்டையனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, போன வருடமே ஆட்டத்தை விட்டு ஓய்வு பெற்ற ஒருவனைக் களத்தில் இறக்கியிருந்தார். ஸ்டோர் அக்காவின் அணியில் மூன்று பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கணக்கர் பதினொரு பேருக்குப் பதில் எட்டுப் பேரைத்தான் இறக்கியிருந்தார். கேட்டதற்கு, எண்ணிக்கையில் பிசகிவிட்டது என்றார். கணக்கர்.

டிரேடு செய்யாமலே மாப்பிள்ளைக்கு வழிவிடுகிறார்கள். சதி வேறு வாசல் வழியாக வருகிறது. அவ்வளவுதான்.

"ஆளில்லாத அணியை இறக்கறது ஏமாத்து," என்று நான்காவது விதியை எழுதினாள். ஒவ்வொருவரும் தங்களிடம் இருப்பதிலேயே சிறந்த அணியைத்தான் இறக்க வேண்டும். இறக்கினார்களா என்று நடுவர் பார்ப்பார்.

பார்ப்பது என்றால் சும்மா இல்லை. எந்த வீரனுக்குக் காயம், எவன் குணமாகிவிட்டான், எந்தப் பயிற்சியாளர் யாரை இறக்கப்போகிறார் என்று அவள் பேருந்தில் நின்றபடி படிக்க ஆரம்பித்தாள். சட்டப் புத்தகம் பையிலேயே கிடந்தது. வாரம் பிறந்தால் ஐந்து பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, "உங்க குடுமிக்காரன் இந்த வாரம் பலவீனமான அணியோட ஆடறான், இறக்குங்க. இவனை உட்கார வைங்க. அவனுக்குத் தொடை பிடிச்சிருக்கு," என்று அணியைத் திருத்திக் கொடுத்தாள். கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவள், இப்போது ஒருவன் ஓடுகிற விதத்தைப் பார்த்தே அடுத்த வாரம் ஆடுவானா மாட்டானா என்று சொன்னாள். ஐந்து அணிகளும் தேர் மாதிரி ஓடின. அவளுடைய அணிதான் தள்ளு வண்டி. அதில் வீரர்களை மாற்றவும் வழியில்லை, மூன்றாவது விதி.

"எங்க டீம் எல்லாம் இவ்வளவு நல்லா ஆடினதே இல்லம்மா," என்றார் ஸ்டோர் அக்கா. அழுதுவிடுவார் போலிருந்தது.

"நன்றி மேடம்."

அன்று அம்மாவிடம் பேசும்போது அவள் குரல் உடைந்துபோயிற்று. "எல்லாத்தையும் அடைச்சுட்டேன்மா. இனிமே ஒருத்தரும் ஏமாத்த முடியாது. ஆனா நான் இன்னும் கடைசியிலதான் இருக்கேன்." பலகையில் முதுகைச் சரித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். மேலே வந்தபோது ஸ்பானர் கணக்கரின் காதருகே குனிந்திருந்தார்.

"...யார் கடைசியா வந்தா என்ன, அந்த வாரம் டூட்டியை நான் மாத்தி எடுத்துக்கறேன். ஆட்டம் ஆட்டமா இருக்கட்டும். டூட்டி..."

அவளைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார்.

இதுதான் அவர்களுடைய கடைசித் திட்டம் என்று அவளுக்குப் பட்டது. தோற்றாலும் பயமில்லை, டூட்டியை உறவுக்குள்ளே கை மாற்றிக்கொள்ளலாம் என்றால் எவன் ஒழுங்காக ஆடுவான்? அன்றே ஐந்தாவது விதி ஏறியது. கடைசியாக வருகிறவரின் டூட்டியை வேறு யாரும் எடுக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்கும். அதன் கீழே சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

பேனாவைப் பிடித்தபடி அவர் ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் காரணத்துக்கும்னு போட்டிருக்கியேம்மா. யாருக்காச்சும் ஒரு அவசரம்னா? உடம்பு சரியில்ல... இல்ல ஏதாவது படிப்பு..."

"ஒரு விதிவிலக்கு குடுத்தா நூறு வரும் சார்."

"நுணலும் தன் வாயால் கெடும்," என்றார் அவர்.

"அதைத்தான் நானும் சொல்றேன் சார். ரகசியம் பேசறவங்க மாட்டத்தான் செய்வாங்க."

அவர் கையெழுத்துப் போட்டார்.

கடைசி வாரத்துக்குள் போகும்போது அவளுக்கும் ஐந்தாம் இடத்திலிருந்த ஸ்பானருக்கும் சில புள்ளிகள்தான் இடைவெளி. அவள் வீரர்களில் இரண்டு பேர் எதிர்பாராமல் கோல் போட்டதில் அவரைத் தாண்டியும்விட்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். எல்லாரும் வேலை முடிந்தும் போகாமல் சூப்பர்வைசரின் கணினியைச் சுற்றி நின்றார்கள். இப்படியே முடிந்தால் போதும். பரிட்சை எழுதலாம். யாரிடமும் கேட்காமல், யார் காலிலும் விழாமல்.

ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆகவில்லை, அவளுடைய கோலி தரையில் விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு புரண்டான். பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்துக் கையசைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு எழுந்தான் அவளுடைய மாற்று கோலி.

"அய்யோ," என்றார் ஸ்பானர்.

ஐந்து கோல் வாங்கினான். ஒன்றைத் தன் காலாலேயே உள்ளே தட்டிவிட்டான். அந்தக் கோல்களில் இரண்டைப் போட்டது நெட்டையன். அவனை இந்த வாரம் எப்படியாவது உட்கார வைத்துவிட ஸ்பானர் பட்ட பாடும், காலையில் அவளே நேரில் நின்று அவனைக் களத்தில் இறக்க வைத்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவள் கடைசி. மாப்பிள்ளை முதலிடம். யாரும் கை தட்டவில்லை.

"இங்க பாரும்மா," என்றார் ஸ்பானர், வாசலில் அவளை மறித்து. "நான் உக்கார்றேன். எனக்கு வீட்டுல ஒரு வேலையும் இல்ல. நீ போ."

"அஞ்சாவது விதி சார்."

"விதியைத் தூக்கிக் குப்பையில போடு."

"பொம்பளை தனியா உக்காரக் கூடாதுன்னு நெனைக்கறீங்களா?"

"அதில்லம்மா..."

"வேற என்ன?"

ஸ்பானர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஸ்டோர் அக்காவைப் பார்த்தார். ஸ்டோர் அக்கா மூக்கைச் சிந்தினார். தயவு, சலுகை என்ற சொற்களில் ஒன்று வாயிலிருந்து வந்தால் என்ன நடக்கும் என்பது ஐந்து பேருக்கும் தெரியும்.

"ஒண்ணுமில்ல," என்றார் ஸ்பானர்.

"தோத்தேன், உக்கார்றேன். அவ்வளவுதான். நல்லா லீவை அனுபவிங்க எல்லாரும்." குரல் நடுங்காமல் சொல்லி முடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மூடும் வாரத்தில் கட்டுப்பாட்டு அறை வெறிச்சென்று இருந்தது. ஐந்து நாற்காலிகளும் மேசைக்குள் தள்ளப்பட்டுக் கிடந்தன. மாப்பிள்ளை போகும் முன்பே அடுத்த அரை வருடத்துக்கான டூட்டியை எழுதி ஒட்டிவிட்டார். அவருக்கு வீரனைக் கொடுக்கப் பார்த்த யாருக்கும் நல்ல டூட்டி கிடைக்கவில்லை. அவளுக்குத்தான் மாலை டூட்டி ஒன்றுகூட இல்லை. இதில் என்ன சூது இருக்கிறது என்று அவள் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். இந்நேரம் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். அரை வருடம் கழித்து மறுபடி எழுதலாம், செத்தா போய்விடப்போகிறோம். நியாயமாக ஆடித் தோற்றோம். கெஞ்சவில்லை. இந்தக் கூட்டத்தில் முதுகெலும்போடு ஒரு ஆளாவது இருந்தது என்று இருக்கட்டும்.

தொலைபேசி மணி அடித்தது.

"லிஃப்ட் சேவை, சொல்லுங்க."

"ஏம்மா, என் தம்பி இருக்கானா?" ஒரு நடுத்தர வயதுப் பெண்குரல். "செல்லுல போட்டா எடுக்க மாட்டேங்கறான். ஸ்பானர்னு கூப்பிடுவீங்களே, அவன்தான். நான் அவனோட பெரியக்கா, வெளியூர்ல இருந்து பேசறேன்."

"அவர் லீவுல இருக்கார் மேடம்."

"லீவா? மூடற வாரம் ஆபீஸ்லதான் இருப்பேன், அங்கேயே கூப்பிடுக்கான்னு போன மாசம் சொன்னானே. அப்ப அவன் தோக்கலையா?"

"அவர் அஞ்சாவது வந்தார் மேடம். கடைசி இல்ல."

"அடப்பாவமே. தோக்கறதுக்கு அவ்வளவு பாடுபட்டானேம்மா. அவன் மட்டுமா, அந்த ஆபீஸ்ல அத்தனை பேரும்."

சட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எதுக்கு மேடம் தோக்கணும்?"

"உனக்குத் தெரியாதா? நீ புதுசா இருக்கும். அங்க ஒரு பொண்ணு வேலை பாக்குதாம், கீழே இருக்கற லிஃப்டுக்குள்ள நின்னு அவங்கம்மாகிட்ட பரிட்சையைப் பத்திப் பேசும்போதெல்லாம் முதுகால அந்தப் பேசற பொத்தானை அமுக்கிடுமாம், இவங்களைத் திட்டறது அழறது எல்லாம் ரூம் பூரா கேக்குமாம், கட் பண்ணவும் கூடாதாமே, அதுவும் ஏதோ விதியாம். எப்படியாச்சும் அது கடைசியா வராம இருக்கணும்னு இவங்க என்னென்னமோ பண்ணிப் பாத்திருக்காங்க, ஆனா எவனோ ஒரு கிறுக்குப் பிடிச்ச நடுவராம், ஒருத்தரையும் தோக்கவே விடலையாம். அது கிடக்கட்டும், அந்தப் பொண்ணு பரிட்சைக்காவது ஒழுங்காப் போச்சாம்மா?"